ஓட்டைப் பெட்டி யாருக்கு?

நூர் அகமது படியேறிச் செருப்பைக் கழற்றுவதற்குள் திரை மூடிக்கொண்டது. யாரும் இழுத்ததாகத் தெரியவில்லை. கூடத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவே தொங்கிய நீலத் துணி, கை படாமலே சரசரவென்று ஓடி வழியை அடைத்தது. அதோடு உள்ளே எங்கேயோ 'தொப்' என்று ஒரு சத்தம்.

"யாரது?" என்று அடுக்களைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"நாந்தான் லாத்தா. நூரு."

"அல்லாவே, நீயா? வெளியாளுன்னுல்ல நெனச்சேன்!"

திரை வந்த வழியே திரும்பி ஓடியது. அதற்குப் பின்னால் அவருடைய அக்கா ஆஸியா பீவி, முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

நூர் அகமது அக்காளைப் பார்ப்பதற்கு முன்பு திரைக்கம்பியைத்தான் பார்த்தார். ஓரத்தில் பித்தளையில் ஒரு சின்னச் சக்கரம் பளிச்சென்றது. எங்கோ பார்த்த சக்கரம். ஆனால் அதற்குள் மச்சான் சேக் அலாவுதீன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கட்டித் தழுவிக்கொண்டதால் அது மறந்துபோயிற்று.

"வாங்க மச்சான், வாங்க. சைகோனைத் தலைமுழுகிட்டு வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"கடை?"

"அடைச்சாச்சு."

அதற்கு மேல் அலாவுதீன் கேட்கவில்லை. அந்த வருடம் காரைக்காலில் தெருவுக்கு நாலு பேர் இப்படித் திரும்பி வந்திருந்தார்கள். அங்கே சண்டை முடிந்து பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். இங்கேயும் அவர்கள் கொடியை இறக்கி ஒரு வருடம் ஆகவில்லை. நாகூரிலிருந்து வரும்போது வாஞ்சூர் எல்லையில் பெட்டியைத் திறந்து காட்ட நூர் அகமது தயாராக இருந்தார். கேட்க ஆளில்லை. சுங்கச் சாவடி வாசலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

ஊர் வந்த மறுநாளே அவர் அக்கா வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் பாசம் மட்டுமில்லை. அவருக்கு ஒரு பெட்டி வேண்டும்.

"லாத்தா, ஓட்டைப் பெட்டி எங்கே?"

ஆஸியா பீவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். இடப்பக்கப் பை என்னவோ கனத்துத் தொங்கியது.

"மச்சுல இருக்கு. எங்க போவுது?" என்றாள்.

ஒவ்வொரு முறை அவர் விடுமுறையில் வந்தபோதும் இதே பதில்தான். முதல் முறை அவருக்குக் கல்யாணம். அடுத்த முறை வீட்டில் ஒரு மவுத்து, துக்க வீடு. கடைசியாக வந்தபோது அக்கா மகள் நபீசாவின் கல்யாணம். வீடு நிறைய ஆட்கள்; மச்சில் ஏறவோ வீட்டைக் கவனித்துப் பார்க்கவோ நேரமே வாய்க்கவில்லை.

ஓட்டைப் பெட்டி என்பது அந்த வீட்டில் வைத்த பெயர். மூடியில் அச்சடித்திருந்த பெயர் மெக்கானோ. வாப்பா சைகோனில் ஜவுளி வியாபாரம் செய்த நாளில், அங்கே ஒரு பிரெஞ்சுக் கடையில் மகனுக்காக வாங்கி வந்தது. திறந்தால் உள்ளே நிக்கல் பூசிய இரும்புப் பட்டைகள், தகடுகள், கம்பிகள், பித்தளைச் சக்கரங்கள், திருகாணிகள். பட்டை, தகடு எல்லாவற்றிலும் வரிசையாக ஓட்டைகள். "காசு குடுத்து ஓட்டையையா வாங்கிட்டு வந்தீங்க?" என்று உம்மா கேட்டது தெரு முழுவதும் பரவி, பெயர் நிலைத்துவிட்டது.

அந்த ஓட்டைகளில்தான் சூட்சுமம் இருந்தது. எந்தப் பட்டையை எந்தப் பட்டையோடு வேண்டுமானாலும் முடுக்கலாம். பாலம் கட்டலாம், காற்றாடி கட்டலாம், வண்டி கட்டலாம். பிடிக்காவிட்டால் பிரித்து வேறொன்று கட்டலாம். நூருக்கு அப்போது பதினோரு வயது இருக்கும். அக்காளுக்கு இரண்டு வயது கூடுதல். அவளை வெளியே அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். அவன் பள்ளிக்கூடம் போய் வருவதற்குள் அவள் ஒரு பாலத்தைக் கட்டிப் பிரித்து மறுபடி கட்டியிருப்பாள். அவன் வந்ததும் சண்டை தொடங்கும்.

பெரிய சண்டை பாரந்தூக்கிக்காக வந்தது. பெட்டி மூடியில் அதன் படம் பெரிதாகப் போட்டிருந்தது. உயர்ந்த ஒரு தூண், அதன் தலையில் முன்னால் நீண்ட ஒரு கை, கையின் நுனியில் சக்கரம், கயிறு, கொக்கி. தூணுக்குப் பின்பக்கம் ஒரு சதுர அறை. எப்படிக் கட்டுவது என்று சொல்லும் தாள்களை வந்த மழைக்காலத்திலேயே கரையான் தின்றுவிட்டது. மூடிப் படத்தைப் பார்த்தேதான் கட்டினார்கள்.

அந்தப் பின் அறை எதற்கு? இருவரும் யோசித்தார்கள். காரைக்காலில் அவர்கள் பாரந்தூக்கியைப் பார்த்ததே கிடையாது. கப்பல் தூரக் கடலில் நிற்கும். சரக்கு படகில் ஏறி அரசலாற்றுக்குள் வரும். கரையிலிருந்து ஆள் தோளில் கிடங்குக்குப் போகும். ஆனால் ஒன்றை நன்றாகப் பார்த்திருந்தார்கள். மூட்டை இறங்கும் இடத்தில், பாதை போடும் இடத்தில், வாய்க்கால் வெட்டும் இடத்தில், எல்லா வேலைக்கும் பின்னால் ஒரு நாற்காலி கிடக்கும். அதில் ஒரு துரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே அது துரை உட்காரும் அறை என்று முடிவாயிற்று. ஆஸியா அதற்குத் துணியில் ஒரு பந்தல் கூடப் போட்டாள். துரைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று உள்ளே ஒன்றும் வைக்கவில்லை.

உம்மாவின் பாக்குவெட்டியைக் கொக்கியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார்கள். பாரந்தூக்கி முன்னால் குப்புற விழுந்தது. மறுபடி கட்டினார்கள், மறுபடி விழுந்தது. கூடத்துத் தரையில் ஒரு கல் உடைந்தது.

"கொக்கிய நீ கோணலா மாட்டுனே."

"தூண நீ நேரா வெக்கல."

விடுமுறையில் வந்திருந்த வாப்பா சத்தம் பொறுக்காமல் தீர்ப்புச் சொன்னார்: "உம்மாட பாக்குவெட்டிய யாரு தூக்க வெக்கிறீங்களோ, அவங்களுக்குத்தான் பெட்டி. அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் கெடையாது."

அதற்குள் அக்காளுக்குக் கல்யாணம் பேசினார்கள். நூர் வாப்பாவோடு கப்பல் ஏறினான். பாரந்தூக்கி விழுந்தது விழுந்தபடியே கிடந்தது.

சைகோன் துறைமுகத்தில் இறங்கியதும் அவன் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மூடியில் இருந்த அதே பாரந்தூக்கி, பனை உயரத்தில். அதே கை, அதே கொக்கி, பின்னால் அதே சதுர அறை. அவன் கூட வந்த ஊர்க்காரர்களிடம், "அந்த ரூம்ல எந்தத் துரை உக்காந்திருக்காரு?" என்று கேட்டான். கணக்கப்பிள்ளை ஒருவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. "துரையா? உள்ள முழுக்க இரும்புக் கட்டிடா தம்பி. பின்னால கனம் இல்லாட்டி முன்னால தூக்குனதும் குப்புற விழுந்துருமுல்ல?"

அன்றிலிருந்து அங்கேயிருந்த காரைக்கால்காரர்கள் அவரை 'துரை ரூம்' என்றே கூப்பிட்டார்கள். கடைக்கு முதலாளி ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

இதை அவர் அக்காவுக்கு எழுதவே இல்லை. எழுதினால் அவள் ஒரு மத்தியானத்தில் கட்டி முடித்துப் பெட்டியைத் தனதாக்கிக்கொள்வாள். பெட்டியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவர்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. உம்மாவின் வீடு ஆஸியாவுக்கு வந்தது. அடுத்து நபீசாவுக்குப் போகும். ஆணுக்கு வியாபாரம், கல்யாணம் ஆனதும் அவன் மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டும். நூர் அகமதும் இரண்டு தெரு தள்ளி, மனைவி ரோஷன் பேகத்தின் வீட்டில்தான் இருந்தார். அங்கே அவருக்கு மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ஆணி அடிக்க வேண்டுமானால் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். இப்போது வியாபாரமும் போய்விட்டது. பிறந்த வீட்டில் 'இது என்னோடது' என்று சொல்ல அவருக்கு மிச்சமிருந்தது, இன்னும் தீர்ப்பாகாத அந்தப் பெட்டி ஒன்றுதான்.

அவர் ஏணியைச் சாத்தி மச்சில் ஏறினார். பெட்டி இருந்தது. மூடிப் படம் வெளுத்திருந்தாலும் பாரந்தூக்கி தெரிந்தது. ஆவலாகத் திறந்தார். உள்ளே காய்ந்த வேப்பிலையும் நபீசாவின் குழந்தைப் பருவத்துத் தொப்பி ஒன்றும் இருந்தன. ஒரு மூலையில் நாலைந்து திருகாணிகள்.

"லாத்தா!"

கீழே ஆஸியா பீவி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னடா கத்துறே? நபீசா புள்ள தூங்குது."

"பெட்டி காலியா இருக்கு."

"பெட்டியத்தானே கேட்ட? பெட்டி இருக்குல்ல?"

"சாமானெல்லாம் எங்கே?"

"வீட்டுலதான் இருக்கு. எங்கயும் போவல. கடக்காத்துல இந்த ஊருல எந்த இரும்பு நிக்குது, சொல்லு பாப்போம்? போன வருசம் போட்ட தாப்பா இந்த வருசம் துரு. கொல்லன் வீட்டுக்கு நடந்து நடந்து உங்க மச்சானுக்குக் காலு தேஞ்சுபோச்சு. உன் சாமான் மட்டும் வெச்சது வெச்சபடி மின்னிச்சு. சும்மா கெடக்கட்டும்னா விட்டுவெக்க முடியும்?"

"என் காலு தேயல," என்றார் அலாவுதீன் நாற்காலியிலிருந்து. "நான் ஒரு தடவதான் போனேன்."

நூர் அகமது கீழே இறங்கி வீட்டைச் சுற்றினார். கோபமாகத்தான் புறப்பட்டார். ஆனால் முதல் சன்னலிலேயே கோபம் நின்று வேறொன்று பிடித்துக்கொண்டது. மாடி அறைச் சன்னலின் தாழ்ப்பாள் ஐந்து ஓட்டைப் பட்டை. நடு ஓட்டையில் திருகாணி. தட்டினால் சுழன்று மூடியது. யாருக்குத் தோன்றும் இப்படி? கொல்லையில் கோழிக்கூட்டுக் கதவுக்கு இரண்டு கீல், பட்டையை வளைத்துச் செய்தவை. உள்ளறையில் பேரப்பிள்ளை தூங்கிய தொட்டிலின் கொக்கி, நாலு பட்டைகளை ஒன்றோடொன்று வைத்து முடுக்கியது. ஆட்டிப் பார்த்தார், கிறீச்சென்ற சத்தமே இல்லை. கடிகாரத்தைச் சுவரில் தாங்கியது ஒரு தகடு. அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். அந்தப் பெட்டியை வைத்து அவர் பாலமும் வண்டியும் கட்டியிருந்தார். அக்கா ஒரு வீட்டையே கட்டியிருந்தாள்.

ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

"லாத்தா, இன்னைக்குத் தூக்கியக் கட்டப்போறேன். வாப்பா சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. தூக்க வெச்சவங்களுக்குப் பெட்டி."

"நான் தூக்க வெச்சா எல்லாச் சாமானையும் எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

ஆஸியா பீவியின் கண் தொட்டில் பக்கம் போய் வந்தது. "எடுத்துக்க. உன்னுதுதானே அப்பறம்," என்றாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன். திரைல கை வெக்காத. தெருவுலேந்து ஆளு வந்துக்கிட்டேயிருக்கும். அடுப்பாங்கரைப் பக்கமும் வராத, சமோசா மடிக்க அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வந்திருக்காங்க. அங்க ஒண்ணும் இல்ல."

மச்சான் கொடுத்த திருப்புளியோடு அவர் வேலையைத் தொடங்கினார். தாழ்ப்பாளைக் கழற்றியதும் மாடிச் சன்னல் காற்றில் படார் படாரென்று அடித்தது. கோழிக்கூட்டுக் கீலைக் கழற்றியதும் கோழிகள் கூடத்துக்கு வந்து அலாவுதீனின் நாற்காலிக்கடியில் நின்றன. தொட்டிலைக் கழற்றும் முன் நபீசா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அது விழித்துக்கொண்டு அழுதது. கடிகாரம் பாயில் படுத்தது.

"மச்சான், வீட்டுல சொவரு மட்டும் விட்டுவெப்பீங்களா?" என்றார் அலாவுதீன், ஒரு கோழியைக் காலால் தள்ளிக்கொண்டே.

"சொவத்துல ஓட்டை இல்ல மச்சான். இருந்தா எடுத்திருப்பேன்."

"அது சரி, உங்க பாக்கெட்டு ஏன் அப்படித் தொங்குது? சைகோன் தங்கமா?"

"அது அப்பறம்."

தூண் எழுந்தது. கை நீண்டது. கையின் நுனிக்குச் சக்கரம் கிடைக்கவில்லை. சக்கரமெல்லாம் திரையில் இருந்தன. அக்காளிடம் நூல்கட்டை ஒன்று வாங்கி அதை மாட்டினார். பின் அறைக்கான சின்னத் தகடுகளும் எங்கே தேடியும் அகப்படவில்லை.

"லாத்தா, துரை அறைத் தகடு எங்கே?"

"கண்டேனா? எங்கயாவது விழுந்திருக்கும்," என்று குரல் வந்தது.

ஒரு தகர டப்பாவைப் பின்னால் வைத்துக் கட்டினார். கைப்பிடி மாட்டினார், கயிறு கோத்தார். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று. மாலை அசர் தொழுகைக்கு மச்சான் புறப்படும் நேரத்தில் பாரந்தூக்கி கூடத்து நடுவில் நின்றது. பட்டைகள் சில இடங்களில் மங்கியும், தாழ்ப்பாளாக உழைத்த பட்டை கை பட்டுப் பட்டு மெருகேறியும் இருந்தன.

"நான் தொழுதுட்டு வந்துருறேன். அதுக்குள்ள தூக்கிடாதீங்க," என்றார் அலாவுதீன்.

"ஒரு நிமிசந்தான் மச்சான், பாத்துட்டுப் போங்க."

ஆஸியா பீவி பெண்களைக் கொல்லை வழியே அனுப்பிவிட்டு வந்தாள். கையில் பாக்குவெட்டி. உம்மாவின் பாக்குவெட்டியேதான்.

"லாத்தா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு."

"எதுக்கு?"

"திரும்பேன்."

அவள் திரும்பிக்கொண்டாள். நூர் அகமது சட்டைப் பையிலிருந்து ஈயக்குண்டுகளை எடுத்தார். மீன்வலைக்குக் கட்டுவது. வரும் வழியில் ஆற்றங்கரைக் கடையில் வாங்கியது. சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகத் தகர டப்பாவில் இறக்கி மூடினார். பாக்குவெட்டியைக் கொக்கியில் மாட்டினார்.

"ம். பாரு."

கைப்பிடியைச் சுற்றினார். கயிறு இறுகியது. தூண் ஒரு நூல் அளவு முன்னால் சாய்ந்தது. அலாவுதீன், "போச்சு," என்றார். சாய்ந்தது அங்கேயே நின்றது. பாக்குவெட்டி தரையை விட்டு எழுந்தது. மெல்லச் சுழன்றுகொண்டே மேலே போயிற்று. நூல்கட்டையைத் தொட்டு நின்றது.

நூர் அகமது நிமிர்ந்தார். நாற்பதைத் தொடும் வயதில், முழங்கால் தூசியோடு, கண்ணில் நீர் தளும்ப நின்றார்.

"லாத்தா, அது துரை உக்கார்ர ரூம் இல்ல. தெரியுமா? கனம் வெக்கிற எடம்! பின்னால கனம் இருந்தாத்தான் முன்னால தூக்கும். சைகோன்ல எறங்குன அன்னைக்கே பாத்துட்டேன்!"

"அப்படியா!" என்றாள் ஆஸியா பீவி, கன்னத்தில் கை வைத்து. "நாம பந்தலெல்லாம் போட்டு வெச்சோமே!"

"வாப்பா இருந்திருந்தா..."

"இருந்திருந்தா பெட்டி ஒனக்குன்னுதான் சொல்லியிருப்பாக. எடுத்துக்க."

அப்போது வாசலில் யாரோ இருமினார்கள். "பாய் இருக்காங்களா?"

ஆஸியா பீவி அடுக்களைக்கு ஓடினாள். திரை சரசரவென்று மூடியது. 'தொப்.' அலாவுதீன் வந்தவரோடு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுப் போனார்.

நூர் அகமது திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து கேட்கும் சத்தம். திரை ஓடுகிறது, சரி. பித்தளைச் சக்கரத்தில் கயிறு ஓடுகிறது, அதுவும் சரி. இழுப்பது எது? அவர் கயிற்றின் வழியே கண்ணை ஓட்டினார். கம்பி, சக்கரம், சுவரில் ஒரு துளை. துளைக்கு அந்தப்பக்கம் அடுக்களை. பெண்கள் போய்விட்டார்கள். அவர் உள்ளே நுழைந்து கதவின் பின்பக்கம் பார்த்தார்.

கயிற்றின் முனையில் துரை அறை தொங்கியது. மூடிப் படத்தில் உள்ளபடி சதுரமாக, நாலு சின்னத் தகடுகளும் அடித்தகடும் முடுக்கி. அதற்குள் விளிம்பு வரைக்கும் ஆற்று மணல் அடைத்து, சிந்தாமலிருக்கத் துணி வைத்துத் தைத்திருந்தது. பக்கத்து ஆணியில் மாட்டும் கயிற்றை விட்டால் போதும், அது இறங்கித் திரையை இழுத்துவிடும். அது மோதி மோதிச் சுவரில் ஒரு குழி விழுந்திருந்தது. பல வருடத்துக் குழி.

ஆஸியா பீவி அடுப்பைப் பார்த்து நின்றாள்.

"எப்போ தெரிஞ்சுது?" என்றார் அவர்.

"எது?"

"லாத்தா."

அவள் கரண்டியை வைத்தாள். "நபீசா வயித்துல இருக்கயில திரை கட்டுனேன். வெறும் துரை ரூமத் தொங்கவிட்டா திரை பாதியில நின்னுச்சு. மண்ணப் போட்டேன், ஓடுச்சு. அப்பத்தான் தூக்கி நெனப்பு வந்திச்சு. ஒரு நாளு உங்க மச்சான் கடைக்குப் போனதும் கட்டிப் பாத்தேன். பாக்குவெட்டி ஜம்முனு மேல போச்சு."

"அப்பவேவா? ஏன் எழுதல?"

"எழுதுனா பெட்டி எனக்குன்னு ஆயிடும். அப்பறம் நீ இந்த வீட்டுக்கு எதுக்கு வருவே? ஒவ்வொரு தடவயும் வாசப்படி ஏறுனதும் அதத்தானே கேட்டே?" பிறகு சிரித்தாள். "இன்னைக்குப் பாக்கெட்டு தொங்கும்போதே தெரிஞ்சுபோச்சு, நீயும் கண்டுபிடிச்சுட்டேன்னு. கஞ்சப் பய, நீ மட்டும் எழுதுனியா?"

நூர் அகமது கூடத்துக்குத் திரும்பினார். மாடிச் சன்னல் அடித்துக்கொண்டது. உள்ளறையில் பிள்ளை இன்னும் சிணுங்கிக்கொண்டிருந்தது. அவர் பாரந்தூக்கியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பாக்குவெட்டியை இன்னொரு முறை இறக்கி ஏற்றினார். அப்புறம் உட்கார்ந்து திருப்புளியை எடுத்தார்.

"என்னடா, மூட்டை கட்டுறியா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது. குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

"பெட்டி யாரோடது?"

"உன்னுதுதான். நான்தான் சொல்லிட்டேனே."

"என் சாமான நான் எங்க வேணா வெப்பேன்ல?"

முதலில் தொட்டில் கொக்கியை மாட்டினார். நபீசா பிள்ளையைப் போட்டதும் ஆட்டிப் பார்த்து, ஒரு திருகாணியை இன்னும் கொஞ்சம் முடுக்கினார். தாழ்ப்பாள், கீல், கடிகாரத் தகடு என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குப் போயிற்று. கோழிகளைப் பிடிப்பதற்குத்தான் நேரம் ஆனது. தொழுகை முடிந்து வந்த அலாவுதீன் கூடம் காலியாக இருப்பதைப் பார்த்து, "தூக்கி எங்கே?" என்று கேட்டார். "வீடு முழுக்க இருக்கு," என்றார் நூர் அகமது.

அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அவர் நேராக அக்கா வீட்டுக்கு வருவார். திருப்புளி இடுப்பில் இருக்கும். சன்னலைத் தட்டிப் பார்ப்பார், கீலுக்கு எண்ணெய் விடுவார், தொட்டிலை ஆட்டிப் பார்ப்பார். யாரிடமும் கேட்க மாட்டார். தெருவில் போகிறவர்கள், "என்னா பாய், இந்த வீட்டுல ஒங்களுக்கு என்னா வேலை?" என்று கேட்டால், "நம்ம சாமான் இருக்குல்ல," என்பார்.

திரையில் மட்டும் அவர் கை வைப்பதில்லை. அது அக்கா கட்டியது.